கட்டுப் போட்டது காலுக்குத்தான்!

குற்றாலத்தில் சாரல்!

ஆனி பிறந்து விட்டால் போதும். மலையைத் தாண்டி வரும் காற்று, தென்காசித் தெருக்களில் சிலுசிலு என்று வீசும். காசி விசுவநாதர் கோவில் வாசலில் நின்றால் வேட்டியைப் பிடித்துக் கொள்ளவே ஒரு கை வேண்டும். வெயில் அடிக்கும்போதே தூறல் விழும். தூறல் விழும்போதே வெயில் அடிக்கும்.

பேரருவியில் கூட்டம். ஐந்தருவியில் கூட்டம். பழைய குற்றாலத்திலும் கூட்டம். எண்ணெய் தேய்த்துக் கொண்டு நிற்பவர்கள் ஒரு பக்கம். துண்டும் கையுமாக ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். தலையில் தண்ணீர் விழுந்ததும் பெரியவர்கள்கூடக் குழந்தைகளாகி விடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு திண்டின் மேல், பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வயது 16. வலது காலில் மாவுக்கட்டு. பக்கத்தில் ஊன்றுகோல்.

"ஏலே! ஈரத்துல இறங்கிராதல! கட்டு நனைஞ்சிரும்!" என்று சொல்லி விட்டு அம்மா குளிக்கப் போகிறாள். தம்பி போகிறான். தங்கை போகிறாள். அவன் மட்டும் எல்லோருடைய துணிக்கும் காவல்!

அவன் கபடி வீரன். பாடிப் போன இடத்தில் நான்கு பேர் மேலே விழுந்தார்கள். கால் மடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரிந்தது. "ஆறு வாரம் கட்டு இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்குக் கபடி கூடாது" என்று டாக்டர் சொல்லி விட்டார்.

இந்தப் பையனுக்குப் பெயர் இல்லை. ஆனால் இவனைப் போன்றவன் இல்லாத ஊர் உண்டா? ஒரு வீட்டில் அவன் கபடி வீரன். இன்னொரு வீட்டில் கிரிக்கெட் ஆடுகிறவன். வேறொரு வீட்டில் அவள் வாலிபால் ஆடும் பெண்.

இவர்களுடைய எலும்பை டாக்டர் பார்த்துக் கொள்வார். இவர்களுடைய நாளை யார் பார்த்துக் கொள்வது?

மாலை நான்கு மணி

முதல் வாரம் காலில் வலி இருக்கும். அடுத்த வாரம் அது குறைந்து விடும். பிறகு வேறு ஒரு வலி தொடங்கும்.

மாலை நான்கு மணி ஆகும். மைதானத்தில் விசில் சத்தம் கேட்கும். "கபடி, கபடி" என்ற பாட்டு காற்றில் வரும். கட்டிலில் கிடக்கிறவனுக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, நெஞ்சில் விழுகிறது!

"நான் இல்லாமலும் ஆட்டம் நடக்கிறதே! என் இடத்தில் வேறு ஒருவன் நிற்கிறானே!" என்ற ஏக்கம் வரும். ஏக்கம் கோபமாகும். தட்டில் வைத்த சோறு பிடிக்காது. பேசினால் எரிச்சல். பேசாவிட்டாலும் எரிச்சல்.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? பாவம் என்று நினைத்துக் கையில் செல்போனைக் கொடுத்து விடுகிறார்கள். பொழுது போய் விடுகிறது, அது உண்மை. காலையில் எடுத்தால் இரவு வரை போகும். ஆனால் இரவில் திரும்பிப் பார்த்தால் அந்த நாளில் சொல்லிக் கொள்ள ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் எழுந்திருக்கவும் ஒரு காரணம் இல்லை.

ஓய்வு காலுக்குத்தான் வேண்டும். பையனையே மூட்டை கட்டி மூலையில் வைத்து விடுகிறோம். இங்கேதான் தவறு!

ஆய்க்குடியில் ஓர் அதிசயம்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளித்து விட்டு, அல்வா வாங்கிக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள். தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் ஆய்க்குடி. முருகன் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு மனிதரின் கதை இருக்கிறது. கட்டிலில் கிடக்கும் எல்லாப் பிள்ளைகளும் கேட்க வேண்டிய கதை.

அவர் பெயர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ம் ஆண்டில் அவர் என்ஜினீயரிங் படித்துக் கொண்டிருந்த இளைஞர். நான்காம் ஆண்டு மாணவர். கடற்படையில் அதிகாரியாகச் சேர வேண்டும் என்பது ஆசை. தேர்வுக்காகப் பெங்களூர் போனார்.

அங்கே உடல் திறனைச் சோதிக்கும் தேர்வு நடந்தது. தடைகளைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது கீழே விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. அந்த ஒரு நொடியில் கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது!

ஓடித் தாண்டியவர், புரண்டு படுக்கவும் பிறர் உதவி தேவை என்ற நிலைக்கு வந்தார். இராணுவ ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தது. சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் என்னும் டாக்டர். அந்த டாக்டர் மருந்து மட்டும் கொடுக்கவில்லை, தைரியமும் கொடுத்தார்.

ராமகிருஷ்ணன் ஆய்க்குடிக்குத் திரும்பினார். 1981-ம் ஆண்டை ஊனமுற்றோருக்கான ஆண்டாக உலகம் கொண்டாடியது. அந்த ஆண்டில் அவர் ஒரு சங்கம் தொடங்கினார். தமக்குத் தைரியம் கொடுத்த டாக்டரின் பெயரை அதற்கு வைத்தார். அதுதான் அமர் சேவா சங்கம்!

ஒரு சில குழந்தைகளுக்காகச் சிறிய பள்ளியாகத் தொடங்கியது அது. பிறகு வளர்ந்து பெரிய வளாகம் ஆயிற்று. பள்ளிக்கூடம், சிகிச்சை, கைத்தொழில் பயிற்சி, செயற்கைக் கருவிகள் செய்யும் இடம் எல்லாம் வந்தன. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கும் சங்கத்தின் தொண்டு பரவியது. எஸ்.சங்கரராமன் என்ற ஆடிட்டர் இந்தப் பணியில் தோள் கொடுத்தார். அவரும் தசைநார் நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவரே. 2020-ம் ஆண்டில் இந்திய அரசு ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

"அவருக்கு வந்தது எவ்வளவு பெரிய துன்பம்! ஆறு வாரக் கட்டுக்கு அந்தக் கதையை ஏன் இழுக்கிறீர்கள்?" என்று கேட்கலாம். கேட்பது நியாயம்தான். இரண்டும் ஒன்று அல்ல. கட்டுப் போட்ட பையன் மறுபடி ஓடுவான். ராமகிருஷ்ணனுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கை கால் அசையாதவர் தமக்குப் பொழுது போக்க வழி தேடவில்லை. தம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குழந்தைகளைத் தேடிக் கொண்டார். காலையில் அவருக்காகச் சிலர் காத்திருந்தார்கள். காத்திருக்க ஆள் இருக்கும் மனிதனுக்கு நாள் சுமை ஆவதில்லை.

ஆறு வாரக் கட்டுக்கும் இதே மருந்துதான். அளவுதான் வேறு.

தண்ணீர் தூக்கிய வீரர்

இன்னும் ஒருவர். மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர். இராணுவத்தில் குத்துச் சண்டை வீரர். 1965-ம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்தன. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே இயக்கம் போயிற்று. குத்துச் சண்டை மேடை இனி இல்லை.

சிகிச்சையின் ஒரு பகுதியாக அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். தரையில் நிற்க முடியாத உடல் தண்ணீரில் மிதந்தது. நீந்தினார். நீந்திக் கொண்டே இருந்தார். 1972-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் பாராலிம்பிக் போட்டிகள் நடந்தன. 50 மீட்டர் நீச்சலில் அவருக்குத் தங்கப் பதக்கம்! பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுதான்.

அந்தப் பாராலிம்பிக் போட்டிகளே ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தவை. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில், தண்டுவடம் அடிபட்ட போர் வீரர்களுக்கு லுட்விக் குட்மன் என்ற டாக்டர் சிகிச்சை அளித்தார். நோயாளிகளைச் சும்மா படுக்க வைக்க அவருக்குப் பிடிக்காது. கைவேலை கற்றுக் கொடுத்தார். பிறகு வில்லையும் அம்பையும் கொடுத்தார். 1948-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் அந்த ஆஸ்பத்திரியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள்! அதுவே வளர்ந்து 1960-ல் ரோம் நகரில் உலகப் போட்டியாக ஆனது.

எலும்பு என்ன செய்கிறது?

கட்டுக்குள் எலும்பு சும்மா இருப்பதில்லை. ஒடிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய பாலம் உண்டாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பாலம் கெட்டியாகி எலும்பாகிறது.

இதற்கு நாள் ஆகும். கை எலும்பு கூடச் சுமார் 6 வாரம் ஆகும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு முழுமையாகச் சேர 3, 4 மாதம்கூட ஆகலாம். குழந்தைகளுக்குச் சீக்கிரம் சேரும். அவசரப்படுத்தினால் சேராது. பாலும், முட்டையும், மீனும், பருப்பும், கேழ்வரகும், கீரையும் சாப்பிட்டால் உடம்புக்குத் துணையாக இருக்கும். புகை பிடித்தால் எலும்பு சேருவது தாமதமாகும்.

ஆனால் சதையின் கதை வேறு. இரண்டு வாரம் அசையாமல் இருந்தாலே தொடை மெலியத் தொடங்கும். ஆகையால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "எதைச் செய்யக் கூடாது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எதைச் செய்யலாம்?" என்றும் கேளுங்கள்.

கட்டுக்குள்ளேயே தொடைச் சதையை இறுக்கிப் பிடித்து, 5 எண்ணி விடச் சொல்வார்கள். கால் விரல்களை அசைக்கச் சொல்வார்கள். கைக்கும் மார்புக்கும் பயிற்சி சொல்வார்கள். நல்ல காலுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் ஒரு லாபம் உண்டு. 1894-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்யாத மற்றக் கையிலும் வலு கூடியது! இரண்டு பக்கத்துக்கும் கட்டளை இடுவது ஒரே மூளைதானே!

சில எச்சரிக்கைகள்: கட்டு நனையக் கூடாது. அரிக்கிறது என்று ஈர்க்குச்சியை உள்ளே விடக் கூடாது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல்கள் நீலம் பூத்தாலோ, மரத்துப் போனாலோ, வலி நாளுக்கு நாள் குறையாமல் ஏறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல், யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. இரத்த ஓட்டம் நின்றால் காலுக்கே மோசம் வந்து விடும்.

மூன்று வேலைகள்

சரி, கட்டிலில் இருக்கும் பையனுக்கு என்ன வேலை கொடுப்பது?

முதல் வேலை, வீட்டு வேலை. வீட்டில் ஆச்சி இருக்கிறாள். கண் சரியாகத் தெரியவில்லை. அல்லது எழுத்தே தெரியாது. காலை பத்து மணிக்கு அவளுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவது அவன் பொறுப்பு. முதல் நாள் முணுமுணுப்பான். நாலாம் நாள் பத்து மணிக்கு ஆச்சி வந்து, "ஏன்யா, பேப்பர் வந்துட்டா?" என்று கேட்பாள். அவனுக்காக ஒருவர் காத்திருக்கிறார்! முருங்கைக் கீரை உருவலாம். மொச்சை உரிக்கலாம். பக்கத்து வீட்டுச் சிறு பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் கால் எதற்கு?

இரண்டாவது வேலை, ஆட்ட வேலை. விளையாட முடியாதவன் விளையாட்டை விட்டு விலக வேண்டியதில்லை. மாலையில் அவனை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். கபடியில் ஒரு பக்கத்துக்கு 7 பேர். ஒருவன் பாடிப் போக 30 விநாடி. இதற்குள் எத்தனை நடக்கிறது! எதிர் அணிக்காரன் எந்தக் காலை முன்னே வைத்து வருகிறான்? யாரைத் தொடப் பார்க்கிறான்? நம் பையன்கள் எந்த மூலையைக் காலியாக விடுகிறார்கள்? ஆடும்போது இதெல்லாம் கண்ணில் படாது. கரையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். எழுதி வைத்ததை ஆட்டம் முடிந்ததும் படித்துக் காட்டட்டும். மறுநாள் அவன் வரவில்லை என்றால், "நோட்டுக்காரன் எங்கே?" என்று தோழர்களே தேடுவார்கள்.

மூன்றாவது வேலை, தனக்கான வேலை. இத்தனை நாள் கால் ஓடியதால் தள்ளிப் போட்ட ஒன்று இருக்கும். தட்டெழுத்தா, ஓவியமா, சதுரங்கமா, ஆங்கிலமா? ஒன்றே ஒன்றை எடுத்துக் கொள்ளட்டும். தென்காசியில் வ.உ.சி. பெயரில் நூலகம் இருக்கிறது. பையன் போக முடியாவிட்டால் தம்பி போய்ப் புத்தகம் எடுத்து வரலாம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவன் சாரல் கணக்கு எழுதலாம். இன்று எப்போது தூறியது? காற்று எந்தத் திசை? பேரருவியில் வெள்ளம் வளைவைத் தாண்டி விழுந்து, குளிக்கத் தடை போட்டார்களா? ஒரு சீசன் முழுக்க எழுதினால் ஊருக்கே உபயோகமான நோட்டு அது.

இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எந்த நேரத்துக்கு எந்த வேலை என்று நேரம் போட்டு எழுதுங்கள். செல்போனுக்கும் ஒரு நேரம் இருக்கட்டும். அது விருந்தாளியாக வரட்டும். வீட்டுக்காரன் ஆக வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

காலில் அடிபட்டதும் பல வீடுகளில் ஒரு தீர்ப்பு வந்து விடுகிறது. "இனிமே விளையாட்டே வேண்டாம்!"

பெண் பிள்ளை என்றால் இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் வரும். வாலிபால் ஆடிய பெண்ணுக்கு முழங்காலில் அடி. "போதும்மா, நொண்டிப் பிள்ளைன்னு பேர் வாங்கணுமா?" என்று அத்தை சொல்வாள். அவளுடைய காலணி பரணுக்குப் போய் விடும். முழங்கால் மூன்று மாதத்தில் சரியாகலாம். பரணில் போட்ட காலணி கீழே இறங்குவதே இல்லை!

அம்மாமாரே, அப்பாமாரே! பயப்படுவது உங்கள் பாசம். ஆனால் கட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். மறுபடி ஆடலாமா, எப்போது ஆடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். அதுவரை அந்தக் காலணியைத் துடைத்துக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். குணமாக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு விளக்கு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டைப் பிரித்த அன்றே மைதானத்துக்கு ஓடாதீர்கள். கட்டுப் பிரித்த கால் மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய காலோ என்பது போல இருக்கும். முதலில் நடை. பிறகு வேக நடை. பிறகு மெல்லோட்டம். இரண்டு காலும் ஒரே வலு என்று ஆன பிறகே ஆட்டம். ஒரு வாரம் முந்திப் போய் மறுபடி ஆறு வாரம் படுத்தவர்கள் உண்டு.

மறுபடி அருவிக்கரை

அந்தப் பையனிடம் திரும்பி வருவோம். அவன் இன்னும் அந்தத் திண்டின் மேல்தான் இருக்கிறான். ஆனால் இப்போது மடியில் ஒரு நோட்டு இருக்கிறது.

"மணி பதினொன்று. சாரல் நின்று விட்டது. காற்று மேற்கு. வளைவுக்குக் கீழேதான் தண்ணீர் விழுகிறது." எழுதி முடித்து நிமிர்ந்து பார்க்கிறான்.

தங்கை ஈரத் தலையோடு ஓடி வருகிறாள். "அண்ணே, எழுதியாச்சா? ஆச்சி கேட்டா என்ன சொல்ல?" என்கிறாள்.

"வீட்டுக்கு வந்து நானே படிச்சுக் காட்டுதேன்னு சொல்லு" என்கிறான் அவன்.

அருவி எங்கும் போய் விடாது. அடுத்த ஆனியிலும் சாரல் வரும். அப்போது அவனும் குளிப்பான். அதுவரை அவனுக்கு வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை கட்டிலில் இருந்தால், இன்றைக்கே இதைச் செய்யுங்கள். இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுத்து, வீட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் வேலை அதுவாகவே இருக்கட்டும்!